வெளிப்பைப்பு பூட்டியிருந்த காலை

வீட்டின் பக்கச் சுவரில், முழங்கால் உயரத்தில் இருக்கும் அந்தத் தண்ணீர்ப் பைப்பு இறுக மூடிப் பூட்டியிருந்தது.

வேறு யாரும் பார்த்திருந்தால், பூட்டியிருக்கிறது, நல்லது என்று போயிருப்பார்கள். புஷ்பராணி, சறுக்காமலிருக்கப் படியில் தூவும் உப்பு வாளியைப் பனியில் வைத்துவிட்டு நின்றார். கையுறையைக் கழற்றிப் பைப்பின் திருகைத் தொட்டார். அது அசையவில்லை. பைப்பின் வாயில் ஒரு சிறு ஐஸ் துண்டு, பாதி வெளியே வந்த நாக்குப்போல நீட்டிக்கொண்டிருந்தது.

காலை ஏழரை மணி. முந்தின ஐந்து நாளும் குளிர் மைனஸ் இருபதுக்குக் கீழே போயிருந்தது. இன்று மத்தியானம் பூச்சியத்துக்கு மேலே ஏறும், மழையும் தூறும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். கேட்டபோது அவருக்குச் சந்தோசமாக இருந்தது. இப்போது இல்லை.

பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் புஷ்பராணி என்று கேட்டால் சிலருக்குத் தெரியாது. பைப்பக்கா என்றால் எல்லாருக்கும் தெரியும். அறுபத்தொரு வயது. தையல் ஆலையில் இருபத்தாறு வருடம் உடுப்புகளுக்குச் சிப் தைத்தவர். இப்போது கோடையில் ஜான்-டலோன் சந்தையில் ஒரு கடைக்காரனுக்குக் கத்தரிக்காயும் மிளகாயும் அடுக்கிக் கொடுக்கிறார். ஒக்டோபர் பிறந்தால் கோட்டுப் பொக்கற்றில் ஒரு குறடு வந்துவிடும். தமிழ் வீடுகள் நாற்பதுக்கு மேல் ஏறி இறங்குவார். தேத்தண்ணி குடிப்பார், வேறொன்றும் வாங்கமாட்டார். எல்லா வீட்டிலும் அவர் சொல்வது ஒன்றுதான்.

"உள்ளுக்கை பூட்டு. வெளியிலை திற. திறந்தபடியே விடு."

வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்றுக்குள் இருக்கும் வால்வைப் பூட்டிவிட்டு வெளிப்பைப்பைத் திறந்துவிட்டால், இடையில் நிற்கும் தண்ணீர் வடிந்துவிடும். வெறும் குழாயைக் குளிர் ஒன்றும் செய்யாது. தண்ணீர் நின்றால் அது உறைந்து பருத்து, செப்புக் குழாயையே பிளக்கும். இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம் அவருக்கு அப்படித்தான் நடந்தது. ஏப்ரலில் ஈரச் சுவரை வெட்டி வெட்டி மூன்று கிழமை குப்பையில் போட்டார்கள். திருத்த வந்த பிளம்பருக்கும் அவருக்கும் பொது மொழி இல்லை. அவன் கையால் நாலு சைகை காட்டினான்: இதைப் பூட்டு, அதைத் திற, பார், போ. இன்றைக்கும் புஷ்பராணி பிரெஞ்சுக்காரருக்கும் தமிழருக்கும் அதே நாலு சைகையைத்தான் காட்டுகிறார்.

அவருடைய வீட்டுப் பைப்பு ஒக்டோபர் முதலாம் திகதியே திறந்து விடப்பட்டது. அதை இப்போது யார் பூட்டியது?

உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தார். எதிர்வீட்டு மகேந்திரராசா நாலாவது மணியில் எடுத்தார். பாடசாலை ஒன்றில் காவலாளியாகவும் பராமரிப்பாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவர். புஷ்பராணியின் அண்ணன் சிவநேசத்தோடு முப்பது வருடம் சீட்டாடியவர்.

"மகேந்திரண்ணை, அண்டைக்கு இஞ்சை கடைசியாக் கால் கழுவினது ஆர்?"

"நான்தான். ஏன், தண்ணிக்கு வாடகை கேக்கப் போறியோ?"

"கழுவிப்போட்டுப் பைப்பைப் பூட்டினீங்களோ?"

"பின்னை? திறந்துவிட்டிட்டு வர நான் என்ன நீர்ப்பாசன இலாகாவோ? நல்லா இறுக்கிப் பூட்டினன்."

புஷ்பராணி கதிரையில் இருந்தார்.

பன்னிரண்டு நாளைக்கு முன் சிவநேசத்தைத் தகனம் செய்தார்கள். அவர் இருந்தது பார்க்-எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி. அங்கே வெளியில் பைப்பு கிடையாது. செத்தவீட்டால் வருபவர்கள் கால் கழுவாமல் படி ஏறக்கூடாது. மற்ற மாரிகளில் ஆட்கள் பேஸ்மென்றுக்குள் பூந்து கைகழுவும் சிங்கில் கால் கழுவுவார்கள், சிலர் ஈரத் தாளால் துடைப்பார்கள். தன் அண்ணனுக்கு அப்படி நடக்கக்கூடாது என்று நினைத்த புஷ்பராணி, தகனம் முடிந்து எல்லாரையும் தன் வீட்டுக்கே வரச் சொன்னார். அன்றைக்கு வெளியில் ஐந்து பாகை, பனிகூடக் கரைந்திருந்தது. விடிய எழும்பி, பேஸ்மென்றுக்கு இறங்கி, தன் கையாலேயே உள் வால்வைத் திறந்தார்.

இருபத்திரண்டு பேர் கழுவினார்கள். புஷ்பராணி மூன்றாவது ஆள். கழுவிவிட்டுத் திரும்பிப் பார்க்கக்கூடாது. அவர் பார்க்கவில்லை. நேரே உள்ளே போனார். அடுத்த நாளிலிருந்து, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை, அண்ணி வீட்டில் நின்றார். உள் வால்வு திறந்தபடி இருந்தது. வெளிப்பைப்பு இறுகப் பூட்டியபடி இருந்தது. இடையில் தண்ணீர் நின்றது. பிறகு குளிர் வந்தது.

"என்ன மாமி, உப்புப் போட்டாச்சோ? மதாம் சறுக்கி விழுந்தா எண்டால் அதுக்கும் ஒரு குறை எழுதுவா."

மருமகள் தாட்சாயினி படியில் நின்றாள். இன்றைக்குப் பத்து மணிக்கு ஒரு மதாம் வருகிறாள். வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கும் கார்டெரிக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்திலிருந்து வருகிறாள். தாட்சாயினி இரண்டு வருடம் இதற்காக ஓடினாள்: பிரெஞ்சு வகுப்பு, முதலுதவி வகுப்பு, பொலிஸ் கடிதம். வசந்தத்தில் வந்தவர்கள் படிக்கு இரண்டாவது கைபிடி இல்லை என்று போய்விட்டார்கள். இன்றைக்கும் சரிவராவிட்டால் அந்த விண்ணப்பக் கோப்பையே மூடிவிடுவார்கள். முதலாம் படிவத்திலிருந்து தொடங்கவேண்டும். பேஸ்மென்றில் பிள்ளைகளின் கோட்டுக்கு ஆறு சின்னக் கொழுவிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு மிருகத்தின் படம். ஒரு சின்னச் சிங், பிள்ளைகளின் உயரத்துக்கு. அதைப் பொருத்தியது ரதீசன், அவள் புருசன். அவன் இப்போது துறைமுகத்தில் லொறியோடு வரிசையில் நிற்பான், போன் எடுக்கமாட்டான்.

புஷ்பராணி நடந்ததைச் சொன்னார். யார் திறந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

இருவரும் கீழே இறங்கினார்கள். விளையாட்டு அறையின் மூலையில் கூரைப் பலகை ஒன்றைத் தூக்கினால் வால்வு தெரியும். புஷ்பராணி ஏணியில் ஏறினார்.

"எல்லாரிட்டையும் நான் சொல்லுறனான்," என்றார், தனக்கே சொல்வதுபோல். "விரலாலை பூட்டோணும். கோபத்தாலை பூட்டக்கூடாது."

வால்வு இறுக்கமாக இருந்தது. விரலால் முயன்றார். பிறகு உள்ளங்கையால். பிறகு குறட்டை எடுத்தார். கீழே நின்ற தாட்சாயினிக்கு ஒரு சிறு சத்தம் கேட்டது. நகம் வெட்டுகிறபோது வருகிற சத்தம். அதன் பிறகு கைபிடி லேசாகச் சுற்றியது. இந்தப் பக்கமும் சுற்றியது, அந்தப் பக்கமும் சுற்றியது.

"பூட்டிட்டுதோ மாமி?"

"இல்லை. உள்ளுக்கை அச்சு முறிஞ்சு போச்சு."

வெப்பமூட்டி ஊதிக்கொண்டிருந்தது. மதாமுக்காகத் தாட்சாயினி அதை இருபத்துமூன்றில் வைத்திருந்தாள்.

"அப்ப இப்ப தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கிறது என்ன?"

"ஐஸ்," என்றார் புஷ்பராணி. "ஐஸ்தான் இப்ப பைப்புக்கு மூடி."

சுவருக்குள் குழாய் வெடித்திருக்கலாம், வெடிக்காமலும் இருக்கலாம். ஐஸ் இருக்கும்வரை தெரியாது. உருகினால் தெரியும். வெடித்திருந்தால் பிள்ளைகளின் கொழுவிகள் இருக்கிற அந்தச் சுவருக்குள்ளால் தண்ணீர் இறங்கும். வெளியில் கூரையிலிருந்து ஒரு துளி, இன்னொரு துளி என்று சொட்டத் தொடங்கியிருந்தது.

"வீட்டுத் தண்ணியை முழுக்கப் பூட்டுவம்," என்றார் புஷ்பராணி.

"பூட்டினால் சிங்கிலை என்ன வரும்? காத்தோ? மதாம் முதல் திறந்து பாக்கிறது அதைத்தான் மாமி. சுடுதண்ணியின்ரை சூட்டை அளக்க ஒரு கோல் கொண்டு வாறவ. தண்ணியில்லாத வீட்டுக்கு ஆர் பிள்ளை குடுப்பினம்?"

"பிள்ளை, உருகினால்..."

"பத்துக்கு வந்து பதினொண்டுக்குப் போயிடுவா. ஒரு மணித்தியாலம். ஐஸ் ஒரு மணித்தியாலம் நிக்காதோ?"

"நிக்கும். நிக்காமலும் விடும். எனக்குச் சொல்லிப்போட்டு உருகாது."

"நீங்கள் அதைக் குறட்டாலை தொடாமல் விட்டிருந்தால்..." தாட்சாயினி நிறுத்தினாள். பிறகு, "அண்டைக்கு இதைத் திறந்தது ஆர்? மகேந்திரமாமாவோ? அந்தாளுக்கு ஊர் வீட்டு அலுவல் எல்லாத்திலையும் கை வைக்கோணும்."

ஓம் என்றால் அதோடு முடிந்தது. மகேந்திரராசா ஏற்கெனவே எத்தனையோ பழி சுமந்த மனிதர். இன்னொன்று அவருக்குப் பாரமாக இருக்காது. புஷ்பராணி ஏணியின் மேல் படியில், கூரைக்குள் தலையை வைத்தபடி நின்றார். முகம் கீழே தெரியவில்லை.

"நான்தான் திறந்தனான்," என்றார். "நான்தான் மறந்தனான். அந்தாள் பூட்டினது மட்டும்தான்."

தாட்சாயினி ஏணியைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

எட்டே கால். புஷ்பராணி இறங்கி வந்து மேலே போனார். கேத்தலை நிரப்பினார், இரண்டு பானை நிரப்பினார். பிறகு திரும்ப மகேந்திரராசாவுக்கு எடுத்தார்.

"அண்ணை, செப்புக் குழாய் வெட்டிற உருளை ஒண்டு உங்களிட்டை இருந்ததெல்லே?"

"இருக்கு. ஏன், என்ரை கழுத்துக்கோ?"

"வால்வு முறிஞ்சு போச்சு, அதுக்கு முன்னாலை குழாயை வெட்டி மூடோணும். ஹாட்வெயார் கடை எட்டரைக்குத் திறக்கும். குழாய் முனையிலை தள்ளிப் பூட்டிற மூடி இருக்கு, சூடு வைக்கத் தேவையில்லை, அது வேணும். அரை அங்குலம். ஓடுங்கோ."

"கார் முழுக்கப் பனி..."

"மகேந்திரண்ணை."

அந்தக் குரலுக்குப் பிறகு எதிர்ப்பக்கத்தில் கார் கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது.

ஒன்பதே காலுக்குத் திரும்பி வந்தார். மேல்மூச்சு வாங்கியது. பையில் இரண்டு மூடிகள்.

"அரையோ முக்காலோ எண்டு வழியிலை மறந்து போச்சு. ரெண்டையும் வாங்கினன். சிரிக்காதை."

ஒருவரும் சிரிக்கவில்லை. தெருவிலிருந்து தண்ணீர் வரும் பெரிய வால்வு வெப்பமூட்டிக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கதவுக்குப் பின்னால் இருந்தது. மகேந்திரராசா அதைப் பூட்டினார். பிள்ளைகளின் சிங்கைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் மெலிந்து, நூலாகி, நின்றது. வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. தண்ணீர் இருக்கும்போது ஒரு வீடு எவ்வளவு சத்தம் போடுகிறது என்பது அது இல்லாதபோதுதான் கேட்கிறது.

புஷ்பராணி நாற்பது வீட்டில் பைப்பு பூட்டியவர். ஒரு வீட்டிலும் குழாய் வெட்டியதில்லை.

"நான் ஏறுறன்," என்றார் மகேந்திரராசா.

"உங்கடை முழங்கால் எனக்குத் தெரியும். லைற்றைப் பிடியுங்கோ."

உடைந்த வால்வுக்கு முன்னால், குழாயில் உருளையை மாட்டினார். ஒரு சுற்று. திருகை ஒரு பொட்டு இறுக்கினார். இன்னொரு சுற்று. செம்புத்தூள் அவருடைய மூக்குக் கண்ணாடியில் விழுந்தது.

"கொஞ்சம் கொஞ்சமா இறுக்கு. அவசரப்பட்டால் குழாய் நசுங்கிப் போடும். பேந்து மூடி பிடிக்காது."

"தெரியும்."

"தெரியும் எண்டால் ஏன் கை நடுங்குது?"

"உங்கடை லைற்றுத்தான் நடுங்குது."

முதல் வெட்டு விழுந்தது. வாளிக்குள் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றியது. குழாயை விலக்கி மூடியை நுழைக்க இடம் வேண்டும். அதனால் நாலு விரல் தள்ளி இரண்டாவது வெட்டு. அதில் பாதி போயிருக்கும்போது தெருவில் அந்த ஊளை கேட்டது. பனி அள்ளுகிற வண்டிகள் வருகின்றன, கார்களை எடுங்கள் என்று கத்துகிற சைரன்.

மகேந்திரராசாவின் முகம் மாறியது. "என்ரை கார் அந்தப் பக்கம் நிக்குது."

"போங்கோ. போங்கோ, இழுத்துக்கொண்டு போயிடுவாங்கள். லைற்றை இஞ்சை தாங்கோ."

அவர் படியேறி ஓடினார். வாசற்கதவு திறந்தது. திறந்த கதவில் அவர் யாரோடோ மோதி, "பார்தோன், பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்பது கீழே கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், தெளிவாக, சந்தோசமாக வணக்கம் சொன்னது: "போன்ஜூர்!"

ஒன்பது நாற்பது. பனி அள்ளுவதைப் பார்த்து, கார் விட இடம் கிடைக்காதென்று மதாம் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள்.

தாட்சாயினி அவளை மேலே கதிரையில் இருத்தினாள். கடிதங்களைக் காட்டினாள். கேத்தலில் இருந்த தண்ணீரில் தேத்தண்ணி போட்டாள். மதாமுக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் சிவப்புச் சால்வை, மடியில் படிவம் செருகிய தட்டுப் பலகை. ஒவ்வொரு கடிதத்தையும் முழுதாக வாசித்தாள். அந்த வாசிப்புக்குத் தாட்சாயினி மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே உருளை கிறீச்சிட்டது.

"கீழே யாரும் இருக்கிறார்களா?" என்று மதாம் பிரெஞ்சில் கேட்டாள்.

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. உடுப்புத் தோய்க்கும் மெசின் என்று சொல்லலாம். தாட்சாயினி மதாமின் பேனையைப் பார்த்தாள்.

"என் மாமி," என்றாள். "வெளிப்பைப்பைத் திறந்ததில் குழாய் ஒன்று உறைந்துவிட்டது. வால்வும் உடைந்துவிட்டது. திருத்துகிறார். இந்த நிமிடம் வீட்டில் தண்ணீர் இல்லை."

மதாம் பேனையை மூடவில்லை. எழுதவும் இல்லை. எழுந்து கீழே இறங்கினாள். புதிய கைபிடியைப் பிடித்து இறங்கினாள் என்பதைத் தாட்சாயினி கவனித்தாள்.

புஷ்பராணி ஏணியில் நின்றார். வாயில் டோர்ச் லைற். வெட்டிய துண்டு வாளிக்குள் கிடந்தது. ஒரு கையால் மூடியைக் குழாய் முனையில் வைத்து, மற்றக் கையால் அடியிலிருந்து தள்ளினார். அது போகவில்லை. பல்லைக் கடித்தார், லைற் ஆடியது. மறுபடி தள்ளினார். ஒரு அங்குலம் உள்ளே போய் 'டக்' என்று நின்றது.

லைற்றை வாயிலிருந்து எடுத்து, மதாமைப் பார்த்து, "போன்ஜூர்," என்றார். பிறகு தமிழில், "தாட்சா, பெரிய வால்வைத் திற. நான் இதிலை நிண்டு ஒழுகுதோ எண்டு பாக்கோணும்."

"மகேந்திரமாமா வரட்டும்."

"அந்தாள் இப்ப எங்கையோ ஐஞ்சு தெரு தள்ளி இடம் தேடிக்கொண்டு நிக்கும். நீ திற."

"எது எண்டு எனக்குத் தெரியாது மாமி!"

அது கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. ஏழு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறாள். சுற்றுவட்டாரத்தில் நாற்பது வீட்டுக்குத் தண்ணீர் பூட்டக் கற்றுக்கொடுத்த மனுசியின் மருமகளுக்கு அந்தச் சின்னக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. மொழி தெரியாவிட்டாலும் மதாமுக்கு இது விளங்கியது. அவள் இப்போதுதான் ஏதோ எழுதினாள்.

"என்ன எழுதுறா?" என்றார் புஷ்பராணி.

"தெரியேல்லை."

மதாம் தாட்சாயினியைப் பார்த்துக் கேட்டாள்: "நாளைக்கு நீங்கள் தனியே ஆறு பிள்ளைகளோடு இருக்கும்போது இது வெடித்தால் என்ன செய்வீர்கள்?"

தாட்சாயினி மாமியைப் பார்த்தாள். ஏணியில் நின்ற புஷ்பராணி கையை நீட்டினார். விரலால் சின்னக் கதவைக் காட்டினார். கையைச் சுற்றிக் காட்டினார். பிறகு உள்ளங்கையைத் தாழ்த்தி, மெதுவா என்று காட்டினார்.

தாட்சாயினி முழங்காலில் இருந்து கதவைத் திறந்தாள். நீலக் கைபிடி. விரலால் பிடித்தாள்.

"கால்வாசி," என்றார் புஷ்பராணி. "நில்."

குழாய்களுக்குள் காற்று ஓடியது. சுவருக்குள் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் இருந்தது. சிங் இருமியது, துப்பியது, மண்ணிறமாகக் கொஞ்சம் கொட்டியது. மூடியின் அடியில் ஒரு துளி திரண்டது.

தாட்சாயினி அந்தத் துளியைப் பார்த்தாள். மதாமும் பார்த்தாள்.

துளி விழுந்தது. புஷ்பராணி பொக்கற்றிலிருந்து டிஷ்யூ ஒன்றை எடுத்துக் குழாயைச் சுற்றித் துடைத்தார். புதிய டிஷ்யூவை எடுத்து மூடியின் அடியில் பிடித்தார். மூன்று பேரும் ஒரு கடதாசித் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே பனி அள்ளும் வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது.

கடதாசி காய்ந்தே இருந்தது.

"முழுக்கத் திற, பிள்ளை."

சிங்கில் தண்ணீர் தெளிந்து ஓடியது. மதாம் தன் கோலை அதன் கீழ் பிடித்தாள். எண்ணைப் பார்த்தாள். எழுதினாள். பிறகு தாட்சாயினியிடம், "இப்போது அந்தப் பெரிய வால்வைப் பூட்டுங்கள். திரும்பத் திறவுங்கள். நான் பார்க்கவேண்டும்," என்றாள். தாட்சாயினி பூட்டினாள், திறந்தாள். கேட்காமலே இன்னொரு முறையும் செய்தாள்.

போகும்போது மதாம் வாசலில் நின்று ஒன்று கேட்டாள்: "டிசம்பரில் உங்கள் மாமி வெளிப்பைப்பை ஏன் திறந்தார்?"

தாட்சாயினி சொன்னாள். அண்ணன் இறந்தது, கால் கழுவுவது, திரும்பிப் பார்க்காமல் உள்ளே வருவது. மதாம் தலையசைத்தாள். வால்வைப் பிளம்பர் ஒருவர் மாற்றியதாக ஜனவரி பத்துக்கு முன் ஒரு கடிதம் வேண்டும், சுவர் ஈரமா என்று அவர் பார்த்து எழுதவும் வேண்டும், அது வந்தால் சரி என்றாள். சரி என்ற சொல்லைத் தாட்சாயினி இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

கிறிஸ்மஸ் கழிந்து பிளம்பர் வந்து சுவரைத் திறந்தான். குழாய் வெடித்துத்தான் இருந்தது. ஒரு விரல் நீளத்துக்குச் செம்பு விரிந்து, உதடு பிளந்ததுபோல் இருந்தது. சுவர் காய்ந்து கிடந்தது. அந்தத் துண்டைப் புஷ்பராணி வாங்கிக் குறட்டோடு சேர்த்துப் பொக்கற்றில் போட்டுக்கொண்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து எல்லாரும் அவர் வீட்டுக்கே சாப்பிட வந்தார்கள். மைனஸ் பதினெட்டுப் பாகை குளிர். பக்கச் சுவரில் பைப்பு இருந்த இடத்தில் ஒரு தகட்டு மூடி. படிக்குப் பக்கத்தில் ஒரு வாளி வெந்நீர், மஞ்சள் கரைத்து, மொள்ள ஒரு செம்போடு, ஆவி பறந்தது. மகேந்திரராசா அதைப் பார்த்து நின்றார்.

"பைப்பக்கா வீட்டிலை பைப்பில்லை. வடிவாயிருக்கு."

"நாற்பது வீட்டுக்கும் போன் பண்ணிச் சொல்லிப்போட்டன், அண்ணை. செத்தவீட்டுக்கு வாளி. பைப்பு இல்லை. ஏனெண்டு கேட்டவைக்கு நான் செய்ததையும் சொன்னனான்."

"என்ரை பேரையும் சொன்னியோ?"

"நீங்கள் பூட்டினது மட்டும்தானே. கெதியாக் கழுவுங்கோ, தண்ணி ஆறுது."

அவர் கழுவினார். கழுவிவிட்டுக் கை தன்னையறியாமல் சுவர்ப்பக்கம், இல்லாத திருகைத் தேடிப் போனது. புஷ்பராணி கடைசியாக நின்று, மிச்சத் தண்ணீரை வாளியோடு கவிழ்த்து, அந்த இடத்தில் ஒரு பிடி உப்பு எறிந்தார். பிறகு உள்ளே போகமுதல், அன்றைக்குப் பார்க்காத அந்தப் பக்கச் சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.